ஒரு பிரிட்ஜுக்கு இரண்டு தரம் பிடிபட்ட காசு

அன்று இரவு என் ஒன்லைன் பேங்கிங்கில் இரண்டு மீதிகள் தெரிந்தன. கணக்கு மீதி 312,400 ரூபா. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், எடுக்கக்கூடிய மீதி 16,400 ரூபா. பின்னேரம் என்.சி. வீதியிலுள்ள ஒரு கடையில் 148,000 ரூபாவுக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கியிருந்தேன். இன்னும் முடியாத கொடுப்பனவுகளைக் காட்டும் 'பெண்டிங்' என்ற பகுதியைத் திறந்தால் அதே தொகை, அதே நாள், இரண்டு வரிகள். கடையின் பெயர்கூட அதில் இல்லை. முதலாளி எந்தக் கொம்பனிப் பெயரில் காட் மெஷின் எடுத்தாரோ அந்தப் பெயர்தான் இருந்தது. தெரியாதவர்கள் யாரோ திருடிவிட்டான் என்று காட்டையே நிறுத்திவிடுவார்கள்.

கடையில் பின் நம்பர் அடித்ததும் மெஷினின் திரை அப்படியே நின்றது. பிறகு தொடர்பு இல்லை என்று காட்டியது. துண்டு வரவில்லை, ஆனால் என் போனுக்கு வங்கியின் எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. "டீச்சர், எங்களுக்கு வரேல்ல. இன்னொருக்காப் போடுவம், முதல் போட்டது தானாத் திரும்பி வரும்" என்றார் கடைத் தம்பி. இரண்டாம் தரம் துண்டு வந்தது, கூடவே இன்னொரு எஸ்.எம்.எஸ்ஸும் வந்தது.

அந்தத் தம்பி சொன்னது பாதி சரி. காட்டைச் செருகியதும் மெஷின் கேட்கும் கேள்வி, கடையின் வங்கி வழியாகவும் காட் வலையமைப்பு வழியாகவும் நம் வங்கிக்குப் போகிறது. காசு இருந்தால் நம் வங்கி சம்மதம் சொல்லி, அந்தத் தொகையை நம் கணக்கிலேயே பூட்டி வைக்கிறது. இன்னும் ஒரு சதமும் கடைக்குப் போகவில்லை. அதனால்தான் கணக்கு மீதி குறையாமல், எடுக்கக்கூடிய மீதி மட்டும் குறைகிறது. எஸ்.எம்.எஸ். வருவதும் இந்தச் சம்மதத்துக்குத்தான். கடைக்காரர் இரவு மெஷினில் செட்டில்மென்ட் போட்ட பிறகே அன்றைய கணக்கு அவருடைய வங்கிக்குப் போய், அங்கிருந்து நம் வங்கிக்கு வந்து, உண்மையில் கழிபடுகிறது. என் விஷயத்தில் வங்கி முதல் தரமே சம்மதம் சொல்லிவிட்டது. அந்தப் பதில் மெஷினுக்கு வந்து சேர முன் தொடர்பு அறுந்துவிட்டது. இப்படியானால் மெஷின் அடுத்த தரம் தொடர்பு கிடைக்கும்போது, முன்னையதை விட்டுவிடு என்று தானே ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் பூட்டு உடனே கழன்றுவிடும். சேராவிட்டால் வங்கி வைத்திருக்கும் காலக்கெடு முடியும் வரை பூட்டுத்தான்.

இடையில் போயா விடுமுறையும் சனி ஞாயிறும் வந்தன. அதற்குப் பிறகு ஒரு வரி பெண்டிங்கிலிருந்து மறைந்து, கழிபட்ட திகதியோடு கணக்கு விவரத்தில் ஏறியது. கணக்கு மீதி 164,400 ஆனது. எடுக்கக்கூடிய மீதி அதே 16,400. மற்ற வரி அசையவில்லை.

எனக்குத் தலையிடி தந்தது மாதக் கடன் தவணை. 22,500 ரூபா தானாகக் கழிபட வேண்டிய நாள் நெருங்கியது. தவணைக்கு வங்கி பார்ப்பது எடுக்கக்கூடிய மீதியைத்தான், கணக்கு மீதியை அல்ல. கணக்கில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கிடக்க, தவணை தவறிவிட்டது என்று தண்டப்பணம் கட்ட வேண்டி வந்திருக்கும். வவுனியாவிலிருக்கும் தங்கச்சி ஒன்லைனில் 10,000 ரூபா போட்டுவிட்டாள். செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பரிமாற்ற முறையில் வந்த அந்தக் காசு பெண்டிங் எதுவும் இல்லாமல் வந்த நிமிடமே இரண்டு மீதியிலும் ஏறியது. வங்கிகளுக்கிடையில் உடனுக்குடன் மாறும் காசு ஒரு வழி, காட்டில் கட்டும் காசு வேறு வழி என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

வங்கியின் தொலைபேசியில், பெண்டிங்கில் உள்ளதைத் தாங்கள் தொட முடியாது, பொறுத்திருங்கள் என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கிளைக்கு நேரே போய், தொகையைப் பற்றிப் பேசாமல், அந்த வரியின் சம்மத இலக்கத்தைத் தரச் சொல்லிக் கேட்டேன். ஆறு எழுத்தில் ஓர் இலக்கம். இரண்டு வரிக்கும் இரண்டு வேறு இலக்கங்கள். கடை தந்த துண்டில் இருந்தது இரண்டாவதின் இலக்கம் மட்டும்தான். கவுண்டரில் இருந்த பிள்ளை தன் கணினியில் பார்த்து முதலாவதை ஒரு கடதாசியில் எழுதித் தந்தார். இந்தக் கதையில் உருப்படியாக உதவிய ஆள் அவர்தான்.

அந்த இலக்கத்தோடு கடைக்குப் போனேன். முதலாளி முதலில் பிடிவாதமாக, "எங்கட பக்கம் ஒரு பிழையும் இல்ல அக்கா" என்றார். நானும் பிழை என்று சொல்லவில்லை, அன்றைய செட்டில்மென்ட் துண்டை எடுங்கள் என்றேன். அதில் 148,000 ஒரேயொரு தரம்தான் இருந்தது. முதலாவது அவருடைய கணக்கில் சேரவேயில்லை, சேரப் போவதுமில்லை. அதையே ஒரு கடிதமாக எழுதி, முத்திரை குத்தி, சம்மத இலக்கத்தையும் போட்டு, தன் வங்கிக்கு அனுப்பினார். பிரதியை நான் என் கிளையில் கொடுத்தேன். கடைப் பக்கத்திலிருந்து இப்படி ஒன்று வந்தால் வங்கி பூட்டைத் திறக்கும். நாம் மட்டும் போய்ச் சத்தம் போட்டால் திறக்காது. அதுவும் சரிவராவிட்டால் மத்திய வங்கியின் 1935க்கு அடிக்கலாம் என்று வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

இதைப் பாடசாலையில் சொன்னபோது ஆளுக்கொரு கதை வந்தது. நிலாவெளியில் ஹோட்டலில் வேலை செய்யும் தம்பியுள்ள ஓர் ஆசிரியர், அறை எடுப்பவர்களிடம் வந்தவுடனேயே ஒரு தொகையைப் பூட்டி வைப்பார்கள், போகும்போது கட்டுவது வேறு வரியாக வரும் என்றார். பழைய பூட்டை ஹோட்டல் விடுவிக்க மறந்தால் நாட்கணக்கில் கிடக்குமாம். இன்னொருவர் டொலரில் பரீட்சைக் கட்டணம் கட்டியவர். பெண்டிங்கில் காட்டிய ரூபாவும் கடைசியில் கழிந்த ரூபாவும் வேறு. கழிபடும் நாளின் மாற்று விகிதம்தான் கணக்கு. கடைக்காரர் ஒரு விற்பனையை அன்றைக்கே, செட்டில்மென்ட் போட முன், மெஷினில் ரத்துச் செய்தால் பெண்டிங் வரியே போய்விடும். அதற்குப் பிறகு என்றால் காசு கழிந்து, வேறொரு வரவாகத்தான் திரும்பி வரும், அதற்கும் காத்திருக்க வேண்டும்.

பூட்டிக் கிடந்த என் மற்ற வரி ஒரு காலையில் இல்லாமல் போனது. வரவு என்று எதுவும் ஏறவில்லை, எஸ்.எம்.எஸ்ஸும் இல்லை. எடுக்கக்கூடிய மீதி மட்டும் 148,000 ரூபாவால் கூடியிருந்தது. மாத முடிவில் வந்த கணக்கு விவரத்தில் ஒரு பிரிட்ஜ்தான் இருந்தது, மற்றது நடந்ததற்கு அடையாளமே இல்லை. முதல் நாள் இரவே இரண்டு வரியையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். கிளையிலும் கடையிலும் நான் காட்டியது அந்தப் படத்தைத்தான்.