இலவசமாக வந்த கப்பல் வாடகை

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பன்னிரண்டு தையல் இயந்திரங்களுடன் பள்ளிப் பைகள் தைக்கும் பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். ஜிப், பக்கிள், நாடா எல்லாவற்றையும் பல ஆண்டுகளாக மண்ணடி மொத்தக் கடைகளில் வாங்கிவந்த நான், 2024 ஜனவரியில்தான் முதன்முறையாகச் சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து நேரடியாக வரவழைத்தேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பைகள் கடையில் இருக்க வேண்டுமானால் பிப்ரவரியிலேயே தைக்கத் தொடங்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு ஆலைகளை மூடுவதற்குள் சரக்கைக் கப்பலேற்ற வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொண்டதால், பொருளின் விலையைப் பேரம் பேசினேனே தவிர, சரக்கு கரை சேர்ந்த பிறகு யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று எவரிடமும் கேட்கவில்லை.

விற்றவர் சி.ஐ.எஃப். முறையில், அதாவது பொருளின் விலையோடு காப்பீட்டையும் சென்னைத் துறைமுகம் வரையிலான கப்பல் வாடகையையும் சேர்த்து, விலை சொல்லியிருந்தார். வாடகைக்கென்று தாம் எதுவும் கூட்டவில்லை என்றும், அது தம்முடைய அன்பளிப்பு என்றும் எழுதியிருந்தார். நானும் மகிழ்ந்துபோனேன். மொத்தம் 84 பெட்டிகள், எடை 1,350 கிலோ. ஒரு கன்டெய்னரை நிரப்பப் போதாது என்பதால், பலருடைய சரக்கோடு சேர்ந்து எல்.சி.எல். முறையில் வந்தது.

கப்பல் ஜனவரி 11, வியாழக்கிழமை சென்னைக்கு வந்தது. கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை ஒப்படைக்கும், மணலிப் பக்கம் உள்ள ஒரு கன்டெய்னர் நிலையத்துக்குச் சரக்கு போகும் என்று சொன்ன கையோடு, சரக்கை அனுப்பும் ஏற்பாட்டுக்காக விற்றவர் அமர்த்திய ஃபார்வர்டரின் சென்னை முகவரிடமிருந்து 73,750 ரூபாய்க்கு ஒரு பில் வந்தது. அதைக் கட்டினால்தான் டி.ஓ. எனப்படும் டெலிவரி ஆர்டர் கிடைக்கும், டி.ஓ. இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே எடுக்க முடியாது. பேரம் பேசுவதற்கான நேரம் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த பில்லை எடுத்துக்கொண்டு, நான் வழக்கமாக ஜிப் வாங்கும் மண்ணடிக் கடைக்காரரிடம் போனேன். அவரை விட்டுவிட்டு நேரடியாக இறக்குமதி செய்ததற்குக் கோபித்துக்கொள்வார் என்று தயங்கினேன்; பாய் சிரித்தார். "வாடகை சும்மா வருதுன்னா, அந்தக் காசை யாரோ கட்டுறாங்கன்னு அர்த்தம் தங்கச்சி. அது நீதான்" என்றார். பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கினார். எல்.சி.எல். சரக்கைப் பிடிப்பதற்குச் சீன ஃபார்வர்டர்களுக்குள் கடும் போட்டி இருப்பதால், வாடகையைச் சுழியமாக வைப்பதும், சில வேளைகளில் ஏற்றுமதி செய்பவருக்கே பணம் திருப்பித் தருவதும் உண்டு. அந்த இழப்பை இறங்கும் துறைமுகத்தில் சரக்கைப் பெறுபவரிடம் வசூலிக்கிறார்கள். ஃபார்வர்டரைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை என்பதால், எனக்கு விலை சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

பில்லில் பதினொரு கட்டணங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை கன மீட்டர் கணக்கில் வந்தவை. எல்.சி.எல். சரக்கில் ஒரு கன மீட்டரையும் ஆயிரம் கிலோவையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். பக்கிளும் ஜிப்பும் எடையைவிட இடத்தை அடைக்கும் சரக்கு. என் பெட்டி ஒவ்வொன்றும் 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், ஒன்றுக்கு 0.108 வீதம் 84 பெட்டிக்கு 9.07 கன மீட்டர். அதை முழு எண்ணாக்கி 10 என்று போட்டு, கன மீட்டருக்கு 5,400 ரூபாய் வீதம் 54,000. அதன் மேல் ஆவணக் கட்டணம், டி.ஓ. கட்டணம் என்று 8,500. இவற்றுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. டாலரில் இருந்த கட்டணங்களை ரூபாய்க்கு மாற்றியதும் வங்கியின் மாற்று விகிதத்தில் இல்லை, அவர்களே வைத்துக்கொண்ட விகிதத்தில். இதையெல்லாம் எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்று முறையிடலாம்தான், ஆனால் நான் கேட்கவில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது அடி சுங்கத் தாக்கலில் விழுந்தது. கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள், இறக்குமதிச் சரக்கைப் பற்றிச் சுங்கத்துறைக்குத் தரும் பில் ஆஃப் என்ட்ரி என்ற அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2021 முதல் விதி. அந்த முந்தைய நாள் விடுமுறையாக இருந்தாலும் அதுவும் கணக்கில் உண்டு. தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம். எனக்கு வந்த பேக்கிங் லிஸ்டில் ஒரு எடையும், சரக்கை ஏற்றியதற்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் வேறொரு எடையும் இருந்தன. முப்பது கிலோதான் வித்தியாசம். அதைத் திருத்தும் கடிதப் போக்குவரத்தில் நாட்கள் போய், சுங்க வேலைகளைப் பார்க்கும் என் கிளியரிங் ஏஜென்ட் 12-ஆம் தேதி தாக்கல் செய்தார். இரண்டு நாள் தாமதத்துக்கு 10,000 ரூபாய். கப்பலின் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்டில் எடையைத் திருத்தியதற்கு ஃபார்வர்டர் தனியாக ஒரு கட்டணம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அந்தத் தொகையை விலக்கும்படி சுங்க அதிகாரியிடம் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதைக் கட்டி முடித்த பிறகுதான் அறிந்தேன்.

அதற்கடுத்து பொங்கல். சனிக்கிழமை தொடங்கி காணும் பொங்கலான 17-ஆம் தேதி வரை ஏஜென்டின் அலுவலகத்தில் ஆள் இல்லை, லோடுமேன்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், லாரியும் கிடைக்கவில்லை. கன்டெய்னர் நிலையத்தில் வாடகையின்றிச் சரக்கை வைத்திருக்கத் தரும் இலவச நாட்களுக்கோ பொங்கலும் இல்லை, ஞாயிறும் இல்லை. அவை காலண்டர் நாட்கள். 19-ஆம் தேதி சரக்கை எடுத்தபோது தரை வாடகையாக 6,400 ரூபாய் கட்டினேன். மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்த தொகையில் பெரும்பகுதி இப்படிக் கரைந்தது.

அடுத்த சரக்கை ஆகஸ்டில் எஃப்.ஓ.பி. முறையில் வாங்கினேன். நிங்போவில் கப்பலேற்றும் வரை விற்றவர் பொறுப்பு, அதன் பிறகு என் பொறுப்பு. அன்பளிப்பு என்று சொன்ன வாடகையை விலக்கியதற்கு விற்றவர் விலையில் அறுபது டாலர் குறைத்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். லிங்கி செட்டி தெருவில் மூன்று ஃபார்வர்டர்களிடம் ஏறி இறங்கி, ஒரே கேள்விகளை எழுத்தில் கேட்டேன்: சென்னையில் கட்ட வேண்டிய அத்தனை தொகைகளும் தனித்தனியாக என்ன, கன மீட்டரை முழு எண்ணாக்குவார்களா, எந்த மாற்று விகிதம், இந்த விலை எந்தத் தேதியில் கப்பலேறும் சரக்கு வரை செல்லும், எந்த நிலையத்துக்குப் போகும், அங்கே எத்தனை நாள் இலவசம். ஒருவர் பதிலே தரவில்லை. இன்னொருவர் "வந்த பிறகு பார்த்துக்கலாம் மேடம்" என்றார். மூன்றாமவர் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதித் தந்தார். வேலையை அவரிடமே கொடுத்தேன்.

பெட்டிகளையும் மாற்றினேன். முதல் சரக்கைப் பிரித்தபோது ஒவ்வொரு பெட்டியிலும் மேலே நான்கு விரல் அளவுக்குக் காற்றுதான் இருந்தது. அதைப் படமெடுத்து அனுப்பி, உயரத்தை 32 செ.மீ. ஆக்கச் சொன்னேன், அதே 84 பெட்டிகள் 7.26 கன மீட்டரில் அடங்கின. பெட்டிகளை அடுக்கும் மரத்தாலான பேலட் வேண்டாம் என்றும் எழுதிவிட்டேன். மரச் சட்டத்தில் பூச்சி நீக்கம் செய்ததற்கான, சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் (ஐ.பி.பி.சி.) முத்திரை இல்லையென்றால் தாவரத் தடுப்புக் காப்பு அலுவலகம், மறு சிகிச்சை, அதற்கான நாட்கள் என்று இன்னொரு கணக்கு தொடங்கிவிடும். பில் ஆஃப் லேடிங்கின் வரைவைக் கப்பல் புறப்படும் முன்பே வாங்கி, எடை, பெட்டி எண்ணிக்கை, என் நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கெழுத்து என்று இன்வாய்ஸோடு வைத்துச் சரிபார்த்தேன். அசல் தாள்கள் கூரியரில் வரும்வரை காத்திருக்காமல், அந்த பில் ஆஃப் லேடிங்கை அங்கேயே சரண்டர் செய்யச் சொன்னேன், அதாவது அசல் தாள் இல்லாமலே இங்கே சரக்கு கிடைக்கும்படி அங்கேயே ஒப்படைக்கச் சொன்னேன்.

எஃப்.ஓ.பி.யில் ஒரு கண்ணி உண்டு. சுங்க மதிப்பில் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர வேண்டும். அவற்றுக்கு ஆதாரம் காட்டவில்லையென்றால், பொருள் மதிப்பில் 20 சதவீதத்தை வாடகையாகவும் 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் கணக்கில் கொள்வார்கள். என் சரக்கின் மதிப்பு ஒன்பது லட்சம். உண்மையான வாடகை 22,000. ரசீது இல்லாவிட்டால் 1,80,000 ரூபாயை வாடகையாக வைத்து வரி கட்டியிருப்பேன். வாடகை ரசீதையும் காப்பீட்டுச் சான்றையும் கப்பல் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஏஜென்டிடம் கொடுத்துவிட்டேன். தாக்கலும் கப்பலுக்கு முன்பே முடிந்தது.

அந்த முறை வாடகை 22,000, சென்னைக் கட்டணங்கள் ஜி.எஸ்.டி. உட்பட 26,784. எழுதித் தந்த பக்கத்தில் இல்லாத ஒரே கட்டணம், 500 ரூபாய்க்கு "இதர செலவு" என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். மறுநாள் திருத்திய பில் வந்தது.

இந்த ஆண்டு பக்கத்துத் தெருவில் பை தைக்கும் இருவரோடு சேர்ந்து இருபது அடி கன்டெய்னர் ஒன்றை முழுதாக எடுப்பதாக இருக்கிறோம். அதில் கவலை வேறு: காலி கன்டெய்னரை யார்டில் திருப்பி ஒப்படைக்கும் வரை கப்பல் நிறுவனத்தின் டிடென்ஷன், அதாவது கன்டெய்னரை இலவச நாட்களுக்கு மேல் வைத்திருப்பதற்கான கட்டணம், ஓடும், டிரெய்லர் பகலில் எங்கள் சந்துக்குள் வராது, உள்ளே கறையோ பள்ளமோ இருந்தால் அதற்கும் பில் வரும். மாதவரத்தில் இரண்டு நாளைக்கு ஒரு குடோன் பேசிவிட்டோம். கதவைத் திறந்ததும் உள்ளே நான்கு பக்கமும் படமெடுக்க என் தம்பியை அனுப்புகிறேன். ஃபார்வர்டருக்கு அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்குப் பதில் வந்துவிட்டது. காலி கன்டெய்னரை எந்த யார்டில் விட வேண்டும், இலவச நாள் எண்ணிக்கை கப்பலிலிருந்து இறங்கிய நாளில் தொடங்குமா அல்லது மறுநாளா என்ற ஆறாவது கேள்விக்குப் பதில் வரும்வரை புக்கிங்கை உறுதி செய்யாமல் வைத்திருக்கிறேன்.