நான்கு நாட்டு முட்டைக் கணக்கு

2025 மார்ச் மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டருகே இருக்கும் கடைக்கு முட்டை வாங்கச் சென்றேன். பறவைக் காய்ச்சலால் கோடிக்கணக்கான முட்டைக் கோழிகளை அழித்திருந்த நேரம் அது. முட்டை இருக்க வேண்டிய குளிர் அலமாரியில் பெரும்பாலும் குளிர்தான் இருந்தது. ஒருவருக்கு ஒரு பெட்டி மட்டுமே என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு டஜன் 7.99 டாலர். அந்த மாதத்தில் அமெரிக்காவின் சராசரி விலை 6.23 டாலர் என்றும், அதுவரை அந்த நாடு அப்படியொரு விலையைக் கண்டதில்லை என்றும் பின்னர் அரசுப் புள்ளிவிவரத்தில் படித்தேன். எங்கள் கடை சராசரிக்கெல்லாம் கட்டுப்படுகிற கடையாக இல்லை.

பில்லைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் நான் செய்த பிழை. ஐந்து நிமிடத்துக்குள் நாமக்கல்லிலிருந்து அப்பா வீடியோ அழைப்பில் வந்துவிட்டார்.

"ஏங் கண்ணு, நீ முட்டை வாங்குனியா, நகை வாங்குனியா?"

அப்பா முப்பது ஆண்டுகள் கோழிப்பண்ணையில் கணக்கு எழுதியவர். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டலத்தின் பண்ணை விலையைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குத் தொண்டையில் காபி இறங்காது. 25 காசு வரையிலான நாணயங்கள் எல்லாம் 2011-ஆம் ஆண்டிலேயே செல்லாதவையாகிவிட்டன என்றாலும், 'முட்டை விலை 5 காசு சரிவு' என்பது எங்கள் ஊரில் இன்றைக்கும் செய்திதான். ஐந்து காசுக்கே முகம் வாடுகிற ஒருவரிடம், ஒரு முட்டை 57 ரூபாய் என்று எப்படிச் சொல்வதென்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில், அவரே மனக்கணக்காகப் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஹாம்பர்க்கில் இருக்கும் தம்பியும் ஒசாகாவில் இருக்கும் சித்தி மகளும் அழைப்பில் சேர்ந்துகொண்டார்கள். அங்கே இரவு பத்தரை ஆகியிருந்ததால் சித்தி மகள் பாதித் தூக்கத்தில் இருந்தாள். யார் வீட்டு முட்டை என்ன விலை என்று நான் அட்டவணை போட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. தம்பி பத்து முட்டைக்கு 2.29 யூரோ கொடுத்திருந்தான். ஒன்று 22 ரூபாய் வந்தது. சித்தி மகள் பத்து முட்டைக்குச் சுமார் 300 யென் என்றாள்; ஒன்று 17 ரூபாய். அம்மா முப்பது முட்டை கொண்ட ஓர் அட்டையை 150 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். இங்கே பன்னிரண்டு, அங்கே பத்து, ஊரில் முப்பது என்று ஆளுக்கொரு கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் இந்த உலகத்தைப் பார்த்தால், கோழிகள் மட்டும்தான் ஒவ்வொன்றாகக் கணக்குத் தவறாமல் போடுகின்றன என்று தோன்றியது.

சிக்கல் அதற்கு மேல்தான் தொடங்கியது. தம்பி தன் பெட்டியைத் திறந்து காட்டினான். பழுப்பு நிற முட்டைகள். ஒன்றின் மேல் சிறு இறகுகூட ஒட்டியிருந்தது. "அட, நாட்டுக்கோழி முட்டை! இருபத்திரண்டு ரூபாய் நியாயமான விலைதான்" என்று அம்மா தீர்ப்பு வழங்கிவிட்டார். அது பழுப்பு முட்டையிடும் பண்ணைக்கோழி என்று தம்பி சொன்னதை அவர் இன்றுவரை ஏற்கவில்லை. ஐரோப்பாவில் கடைக்கு வரும் முட்டையைக் கழுவக் கூடாது என்பது விதி. ஓட்டின் மேலுள்ள இயற்கையான படலம் போகாமல் இருப்பதால் அவர்களால் முட்டையை வெளியிலேயே வைத்து விற்க முடிகிறது. அமெரிக்காவிலோ கழுவித்தான் விற்கிறார்கள்; படலமும் அழுக்கோடு போய்விடுவதால் கடையிலிருந்து வீடு வரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. "குளிப்பாட்டி, ஏசியில் உட்கார வைத்தால் விலை ஏறாமல் என்ன செய்யும்?" என்றார் அப்பா.

தம்பியின் முட்டை ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறியீடு அச்சிட்டிருந்தது. அதன் முதல் எண் கோழி வளர்ந்த விதத்தைச் சொல்லும்: 0 என்றால் இயற்கை வேளாண்மை, 1 என்றால் வெளியே மேய்ந்தது, 2 என்றால் கூண்டில்லாத கொட்டகை, 3 என்றால் கூண்டு. தம்பியுடையது 2. "அப்படியானால் நம்மூர்க் கோழிக்கு என்ன எண்?" என்று அம்மா கேட்டார். அப்பா இரண்டு முறை இருமிவிட்டு, மூன்று என்றார்.

என் பெட்டியின் பக்கவாட்டில் 067 என்று இருந்தது. அறுபத்தேழு நாள் பழைய முட்டையை எட்டு டாலருக்குத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அம்மா பதறிவிட்டார். அது ஆண்டின் அறுபத்தேழாம் நாள், அதாவது மார்ச் 8 அன்று பெட்டியில் அடைத்ததற்கான அடையாளம் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒசாகாப் பெட்டியில் குழப்பமே இல்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் முட்டைகள் கண்ணாடிப் பேழையில் இருப்பவை போல இருந்தன. பச்சையாகச் சாப்பிடுவதற்கான கடைசி நாளைத்தான் அங்கே தேதியாக அச்சிடுகிறார்கள். சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிச் சாப்பிடுவதாக அவள் சொன்னபோது அம்மாவுக்கு அதிர்ச்சியைக் காட்டிலும் வருத்தமே மிகுந்தது. பெரியவளானபோது நல்லெண்ணெயோடு கொடுத்த பச்சை முட்டையை வாயில் வைக்கமாட்டேன் என்று வீடு முழுக்க ஓடியவள் இவள்தான்.

எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது தவறு, எடையை வைத்துப் பார் என்று அப்பா அடுத்த உத்தரவு போட்டார். தம்பியின் முட்டை 61 கிராம். அவன் பெட்டியில் நடுத்தரம் என்று போட்டிருந்தது. பெரியது என்று எழுதப்பட்ட என்னுடையது 57 கிராம்தான். ஜெர்மனியின் நடுத்தரம் அமெரிக்காவின் பெரியதைவிடக் கனமாக இருப்பதில் தம்பிக்கு அத்தனை மகிழ்ச்சி. பெட்டியில் இருக்கும் மற்ற முட்டைகளையும் எடை போட்டு அவனுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில், ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெட்டியை மூடியைப் பற்றித் தூக்கினேன்.

1911-ஆம் ஆண்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், முட்டை உடைந்து வருவது குறித்து ஒரு பண்ணைக்காரரும் விடுதிக்காரரும் ஓயாமல் சண்டையிட்டதைப் பார்த்து, ஜோசப் காயில் என்ற பத்திரிகைக்காரர் முட்டைப் பெட்டியைக் கண்டுபிடித்தார். குண்டும் குழியுமான சாலைகளை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார், என்னை எடுத்துக்கொள்ளவில்லை. மூடி என் கையில் இருந்தது, மற்றது தரையில் இருந்தது.

நான்கு முட்டைகள் உடைந்திருந்தன. நான்கு நாடுகளும் சற்று நேரம் அமைதி காத்தன. பிறகு தொலைவிலிருந்து அப்பா கணக்குப் போடும் முணுமுணுப்புக் கேட்டது: 229 ரூபாய், அதாவது நாமக்கல்லில் ஓர் அட்டையும் மேற்கொண்டு பதினைந்து முட்டையும்.

"அட்டவணையில இன்னொரு கட்டம் போடு" என்றார்.

"என்னவென்று போடுவது?"

"சேதாரம்."