புளிசாதம் காரோட டிக்கியில

வர்ற சனிக்கிழமை பிடதி வொண்டர்லா தீம் பார்க் போறோம். ஓசூர்ல இருந்து விடியக்காலம் கிளம்பினாத்தான் பெங்களூரு டிராஃபிக்குக்கு முன்னாடி மைசூர் ரோட்டைப் பிடிக்க முடியும்.

வீட்ல இப்போ பஞ்சாயத்தே துணிதான். தண்ணி ரைடுக்கு காட்டன் ஆகாது, நைலான் வேணும். "இந்த வயசுல நான் அதப் போடணுமாடா?"ன்னு கேட்ட அம்மா, ராத்திரி கதவச் சாத்திட்டுப் போட்டுப் பாத்தாங்க. உயரம் பத்தலன்னு ரைடுல ஏத்தமாட்டாங்களோன்னு சின்னவன் சுவத்துல பென்சில் கோடு போட்டு தினமும் அளக்குறான். நேத்து ஷூவுக்குள்ள அட்டை வச்சு நின்னு பாத்தான், பாவி!

என் ஒரே கண்டிஷன்: ரீகாயில்ங்கிற ரோலர் கோஸ்டர் முதல்ல, சாப்பாடு அப்புறம். முன்னால போயிட்டு அப்படியே பின்னாலயும் இழுத்துட்டு வரும் அது. போன தடவ சாப்பிட்டுட்டு ஏறினேன். மிச்சம் என் சட்டைக்குத் தெரியும்.

வெளிச் சாப்பாடு உள்ள விடமாட்டாங்க. புளிசாதம் டிக்கியிலயே இருக்கட்டும், திரும்பும்போது சாப்பிட்டுக்கலாம்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்பீல் கிடையாது.