வழக்கு ஏதும் இல்லை

"கேஸ் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கண்ணே." என்னைவிட வயதில் சின்னவரான இன்ஸ்பெக்டர் கேட்டது இவ்வளவுதான். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்த முறை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முன்நடத்தை விசாரணைக்கு வந்தவர்களில் இருவர் ஒரே ஊர்ப் பையன்கள். ஒருவன் மேல் திருவிழாத் தகராறில் எஃப்.ஐ.ஆர். இருந்தது. அப்புறம் ஊர் சமாதானமாகி, சாட்சிகள் பிறழ்ந்து, சந்தேகத்தின் பலனில் விடுதலை. படிவத்தில் அவன் எதையும் மறைக்கவில்லை. மறைக்காமல் என்ன பயன்? அப்படி விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ள வேண்டும் என்று நம் விதிகளில் 2003-இல் விளக்கம் சேர்த்துவிட்டார்கள். 2008-இல் உயர் நீதிமன்ற முழு அமர்வும் அதை ஏற்றது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளவயதில் கோஷம் போட்டது மாதிரியான சில்லறை வழக்கை மறைத்திருந்தால்கூட வேலை கொடுப்பவர் நினைத்தால் பொறுத்துப்போகலாம் என்றது. நினைக்க வேண்டியது மேலிடம். ஸ்டேஷனில் இருப்பவன் இல்லை.

இன்னொருவன் மேல் வழக்கே கிடையாது. ஆனால் அவன் அடித்ததாக அவன் அண்ணி கொடுத்த மனுக்களுக்கு, வழக்குப் பதியாமல், மனு வந்ததற்கான ரசீதாக சி.எஸ்.ஆர். மட்டும் போட்டிருந்தோம். இரண்டுமே, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அந்த அம்மாவே எழுதிக்கொடுத்து முடிந்தவை.

விசாரிக்கப் போனபோது அவர் வாசலுக்கு வந்து, குரலை இறக்கிச் சொன்னார்: "எழுதிராதீங்க சார். வேலை கிடைச்சா வெளியூரு போயிருவான்."

திரும்பி வந்து இன்ஸ்பெக்டரிடம், "கேஸ் இல்லைங்கய்யா, ஆனா மனு இருக்கு" என்றேன். "மனு கேஸாண்ணே? அவன் கோர்ட்டுக்குப் போனா யார் பதில் சொல்றது?" அவர் சொன்னதும் நியாயம்தான். இருந்தாலும் மனுக்களின் தேதியையும் முடிவையும் ஒரே வரியில் எழுதினேன். தெருவில் கேட்டதை எழுதவில்லை. அந்த அம்மா வேண்டாம் என்றதை மீறித்தான் எழுதினேன். அவருக்கு நிம்மதி கிடைக்க அவன் கையில் லத்தியைக் கொடுத்து வேறு ஊருக்கு அனுப்ப முடியுமா?

கடைசியில் திருவிழாப் பையனுக்கு வேலை இல்லை. மற்றவன் பயிற்சிக்குப் போனான். என் வரியை மேலே யாராவது படித்தார்களோ என்னவோ.

நாம் எஃப்.ஐ.ஆரைத்தான் சரிபார்க்கிறோம், ஆளை இல்லை என்று அப்போது பலரிடம் புலம்பினேன். ஆளைச் சரிபார்ப்பது என்றால் டீக்கடையில் கேட்க வேண்டும். டீக்கடையில் சாதி பேசும், வரப்புத் தகராறு பேசும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வந்த ஏட்டு எங்கள் பங்காளியிடம் கேட்டிருந்தால் நானே தேறியிருக்க மாட்டேன்.

சரி, சி.எஸ்.ஆருக்கும் படிவத்தில் ஓர் இடம் வைத்து, பையனையும் கூப்பிட்டு விளக்கம் கேட்கலாமே என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அப்படி ஒன்று வந்தால், பையன் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிற வீட்டில் எந்த அண்ணியை ஸ்டேஷன் படி ஏற விடுவார்கள்?