சொல்லுங்க

"உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்க்கா" என்றார் அவர். "சொல்லுங்க" என்றேன் நான்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால், "நீங்க சொன்னா நான் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆகணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு. தெரிந்தும் தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இதை வகுப்பெடுக்கிறவள் நான். சொன்னால் எழுந்து போய்விடுவார் என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. இல்லை, அவர் அழ ஆரம்பித்துவிட்டார், இடமே கிடைக்கவில்லை. நினைக்கிற ஒவ்வொரு தடவையும் இதில் ஒன்று உண்மையாகிறது.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிற பெண் அவர். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிற வேலை. (ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பேசப் பேச, கட்டைவிரல் நகத்துக்குள் ஏறியிருந்த பச்சைச் சாயத்தை ஊக்கால் நோண்டிக்கொண்டே இருந்தார். மகளுக்கு எட்டு வயது. செய்தது அவர் கூடப்பிறந்த அண்ணன். பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. "பிள்ளையோட மாமா" என்றார். காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்ட மாமா.

அன்று சாயங்காலமே தகவல் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அவருக்குப் போன் செய்தேன். முன்பே சொல்லியிருந்தால் அண்ணனை ராவோடு ராவாக ஊரைவிட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயம். என்னை நம்பி வந்தவரை நான் நம்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளை போய் இருப்பது அந்த மாமா வீட்டில்தான். ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. இதை நினைத்தால் ஒரு தெம்பு வரும். கொஞ்ச நேரத்துக்கு.

சட்டத்தில் உள்ளபடியே பெண் எஸ்.ஐ. சீருடை போடாமல் சேலையில்தான் வீட்டுக்கு வந்தார். ஜீப் தெருமுனையில் நின்றது. அப்புறம் சேலையென்ன, சீருடையென்ன.

மறுநாள் அவர் என்னிடம் சத்தம் போடவில்லை. "உங்ககிட்டத்தானே சொன்னேன். இப்படிப் பண்ணிட்டீகளே மேடம்." அதோடு அக்கா போய்விட்டது.

வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணையாக ஓர் ஆதரவு நபரைப் போட 2020ஆம் ஆண்டு விதிகளில் இடம் உண்டு. அம்மாவுக்கென்று யாரும் கிடையாது. அவர் வெறும் சாட்சி. "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டாராம். "ஏன்டி சொன்னே?" என்று வீட்டில் பெற்ற தாயே கேட்டாராம். இரண்டுக்கும் நடுவில் அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தவள் நான்தான். அண்ணனை விட்டுவிட்டு என்னைக் குறை சொல்லிக்கொள்வதும் சரியில்லை என்று தெரிகிறது.

சிவகங்கையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், பிள்ளை மடியில் தூங்க, மெதுவாகக் கேட்டார்: "இவ பெரியவளானா குச்சு கட்ட யாரு மேடம் வருவா?"

"இது உங்க தப்பில்ல" என்று சொல்லத்தான் பயிற்சியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அவர் அதைக் கேட்கவில்லையே. கண்டக்டர் வந்தார். சில்லறை தேடுகிற மாதிரி பையைத் துழாவினேன்.

இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஓர் அம்மா மகனோடு வந்தார். "ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தவரை நிறுத்தி, சட்டத்தை எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"ஒண்ணுமில்லக்கா. பய சரியாச் சாப்பிட மாட்டேங்கிறான், அதான் கேட்டுட்டுப் போகலாம்னு" என்றார்.

நோட்டில் 'பசியின்மை' என்று எழுதிக்கொண்டேன்.