மூன்று மணி நேரக் கணவன்: ஒரு குறுநாவலின் வேலைக் குறிப்புகள்

ஜனவரி 6, 2025

கிரேக்கப் புராணத்தை வைத்து அமானுஷ்யக் காதல் கதை எழுதப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் பாதாள அரசன் ஹேடஸ், அவன் மனைவி பெர்சிபோன் ஜோடியிடமே போய் நிற்கிறார்கள். இந்தக் குறுநாவலுக்கு எடுத்துக்கொண்டது புரோடெசிலாவோஸ், லாவோடமியா கதை. டிராய் நகர்மீது போருக்குப் புறப்பட்ட கிரேக்கர்களிடம், அந்த மண்ணில் முதலில் கால் வைப்பவன் சாவான் என்று குறி சொல்லியிருந்தார்கள். தெசலி நாட்டு ஃபிலாகேயிலிருந்து 40 கப்பல்களோடு போனவன் புரோடெசிலாவோஸ். மற்றவர்கள் தயங்கி நிற்க அவன் குதித்தான், செத்தான். ஊரில் இருந்த இளம் மனைவி லாவோடமியா அவனோடு பேச மூன்று மணி நேரம் வேண்டினாள். தெய்வங்களின் தூதன் ஹெர்மிஸ் அவனைப் பாதாளத்திலிருந்து கூட்டிவந்தான். கெடு முடிந்ததும் திரும்பக் கூட்டிப்போனான்.

பேய்க்காதல் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடைப்பது கடினம். கெடுவும் காவலனும் மூலக்கதையிலேயே இருக்கிறார்கள், நாமாகப் புனையத் தேவையில்லை. டிராய்ப் போர்க் காவியமான இலியட்டின் இரண்டாம் பாகத்தில் ஹோமர் இவனுக்கு ஒதுக்கியது சில வரிகள்தான். அதற்குள் இரண்டு பொருள்களை வைத்துவிட்டுப் போகிறார்: கன்னத்தைக் கீறிக்கொண்டு அழும் மனைவி, பாதி கட்டிய வீடு. அந்தப் பாதி வீட்டின் மேல்தான் முழு நாவலும் நிற்கப்போகிறது.

ஜனவரி 8

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று: வந்திருப்பவன் செத்தவன் என்று அவளுக்குத் தெரியுமா?

அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் கிரேக்கப் புராணத் தொகுப்பில் தெரியாது. டிராயிலிருந்து உயிரோடு திரும்பிவிட்டான் என்றே நம்பி மகிழ்கிறாள். லத்தீனில் புராணக் கதைகளைத் தொகுத்த ஹைஜீனஸ் சொல்வதில் அவளே வாய்விட்டுக் கேட்டுப் பெறுகிறாள், ஆகவே தெரியும். முதல் வழியில் போனால் கடைசி அத்தியாயத்தில் பெரிய அதிர்ச்சி ஒன்று கிடைக்கும். ஆனால் அதற்கு முந்தைய ஒவ்வொரு அணைப்பும் ஏமாற்றாகிவிடும். வாசகருக்குத் தெரிந்த உண்மை நாயகிக்குத் தெரியாமல் நூறு பக்கம் ஓடினால் அவள் பரிதாபத்துக்குரியவள் ஆவாள், காதலி ஆகமாட்டாள்.

எனவே அவளுக்குத் தெரியும். கதவைத் திறக்கும்போதே தெரியும். வாசலில் நிற்பவனைச் "செத்தவன்" என்று அறிந்து உள்ளே அழைக்கிற பெண்தான் இந்தக் கதைக்கு வேண்டும். தமிழ் வாசகர் மனத்தில் சாவித்திரி வந்து நிற்பாள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். யமனை வாதில் வென்று முழு ஆயுளை வாங்கிய கதையில் வளர்ந்தவர்களுக்கு, மூன்று மணி நேரத்தை மட்டும் கேட்கிறவள் தோற்றவளாகத் தோன்றுவாள். அவள் ஏன் அவ்வளவே கேட்டாள் என்பதற்கு முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் அழுத்தமான காரணம் இருந்தாக வேண்டும்.

ஜனவரி 11

காரணம் அவள் குடும்பத்திலேயே கிடக்கிறது. லாவோடமியாவின் அப்பா அகாஸ்டஸ், இயோல்கஸ் அரசன். அவனுடைய அப்பா பெலியாஸ். கிழவனை இளைஞனாக்கித் தருகிறேன் என்று சூனியக்காரி மெடியா சொன்னதை நம்பி, மகள்களே அவரைத் துண்டாக்கிக் கொப்பரையில் வேகவைத்தார்கள். முதலில் கிழட்டு ஆட்டுக்கடா ஒன்றை வெட்டிப் போட்டு, குட்டியாக எழச் செய்து மெடியா காட்டியிருந்தாள். ஆட்டுக்குப் பலித்தது பெலியாஸுக்குப் பலிக்கவில்லை.

அதே பெலியாஸின் இன்னொரு மகள் அல்செஸ்டிஸ். கணவனுக்குப் பதிலாகச் செத்தவள். மாவீரன் ஹெராக்ளிஸ் சாவோடு மல்லுக்கட்டி அவளை மீட்டுவந்தான். யூரிபிடிஸ் நாடகத்தில் மீண்டு வந்தவள் மேடையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பாதாளத் தெய்வங்களின் தீட்டு மூன்றாம் நாள்தான் கழியும், அதுவரை அவள் குரல் கணவனுக்குக் கேட்காது என்று ஹெராக்ளிஸ் சொல்கிறான்.

ஆக, லாவோடமியாவுக்கு அல்செஸ்டிஸ் சொந்த அத்தை. செத்துத் திரும்பிய ஒருத்தி குடும்பத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த உறவைப் பயன்படுத்தாமல் விட்டால் அது பெரிய வீண். அத்தை வரும் அத்தியாயத்துக்கான முதல் வரைவு:

"எவ்வளவு காலம் கேட்கலாம், அத்தை?"

"என்னைக் கேட்டுப் பெறவில்லை, பிடுங்கி வந்தார்கள். பிடுங்கியதற்கு விலை உண்டு, பெண்ணே. மூன்று நாள் என் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துப் பயந்தார்கள்."

"அப்படியென்றால்?"

"கொடுப்பதற்குப் பாதாளத்துக்கு மனம் வரும் அளவே கேள்."

இந்த ஒரு பேச்சில் மூன்று மணி நேரத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. அகாஸ்டஸின் கோபத்துக்கும் வேர் கிடைக்கிறது. தன் அப்பனைக் கொப்பரையில் பார்த்தவன் அவன். செத்தவரை மீட்கிறேன் என்று மகள் ஏதோ செய்கிறாள் என்று கேள்விப்பட்டால் அவன் என்ன செய்வான் என்பதை விளக்க வேண்டியதே இல்லை.

ஜனவரி 12

மூன்று மணி நேரம் என்பது எவ்வளவு நேரம்?

கடிகாரக் கணக்கு இங்கே செல்லாது. கிரேக்க, ரோமானிய வழக்கில் பகலை 12 பங்காகவும் இரவை 12 பங்காகவும் வைத்தார்கள், பங்கின் நீளம் பருவத்துக்குப் பருவம் மாறும். ஃபிலாகே ஏறத்தாழ 39 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட குளிர்கால இரவு சுமார் 14 மணி 38 நிமிடம். அதில் ஒரு பங்கு 73 நிமிடம், மூன்று பங்கு 3 மணி 39 நிமிடம். கோடையின் மிகக் குறுகிய இரவில் மூன்று பங்கும் சேர்ந்தால் 2 மணி 15 நிமிடம்தான். பருவத்தைத் தேர்வதிலேயே காதலர்களுக்கு 80 நிமிடத்துக்கு மேல் கூடுகிறது. இதை அவள் கணக்குப் போட்டுக் காத்திருந்து கேட்கிறாள் என்று வைத்தால், அவளுடைய புத்தி பக்கத்தில் தெரியும். தெய்வம் கொடுத்த அளவு மாறவில்லை, அளவுகோலை அவள் தேர்ந்துகொண்டாள். விதியை மீறாமல் விதிக்குள் இடம் தேடுவதுதான் இந்த வகைக் கதைக்கு உயிர்.

டிராய்க் கால மனிதர்களுக்கு இந்த மணிக்கணக்கு கிடையாது, ஹோமரின் ஆட்கள் இரவை மூன்று பாகமாகவே பிரிக்கிறார்கள். எனவே கதைக்குள் நிமிடம் என்ற சொல்லே வரக்கூடாது. வானத்தை வைத்து அளக்கலாம். வானம் மணிக்கு 15 பாகை நகரும். 3 மணி 39 நிமிடத்துக்குச் சுமார் 55 பாகை. நீட்டிய கையின் முஷ்டி ஏறத்தாழ 10 பாகை மறைக்கும் என்பதால், ஐந்தரை முஷ்டி.

எச்சரிக்கை ஒன்று. இன்றைய மொட்டைமாடி வானத்தைப் பார்த்து எழுதக்கூடாது. பூமியின் அச்சு நோக்கும் திசையே பல ஆயிரம் ஆண்டுகளில் மெல்லச் சுழல்வதால், இன்று டிசம்பர் கடைசியில் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும் ஓரியன் விண்மீன் கூட்டம், கி.மு. 1200 வாக்கில் அதே பருவத்தில் சுமார் மூன்று மணி நேரம் முன்பே உச்சிக்கு வந்திருக்கும். ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஆண்டை மாற்றிப் பார்க்கலாம். அது பழங்காலத்துக்கு ஜூலியன் நாட்காட்டியைக் காட்டும், டிசம்பர் 21 என்று கொடுத்தால் ஏறத்தாழ பத்து நாள் பிசகும். தேதியை விட்டுவிட்டு, சூரியன் தென்கோடியைத் தொடும் நாளைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இப்போது ஹோமரின் பாதி வீடு கைகொடுக்கிறது. கூரை வேயாத அறை. உத்தரங்களுக்கு நடுவே வானம் தெரியும். ஓரியன் ஒரு உத்தரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வதே கடிகாரம்.

ஜனவரி 19

மெழுகுச் சிலை. ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய கடிதக் கவிதையில் லாவோடமியா கணவனின் முகத்தை மெழுகில் செய்து மடியில் வைத்துப் பேசுகிறாள். ஹைஜீனஸில் அது வெண்கலச் சிலை என்று பிரதிகளில் நிற்கிறது. மெழுகு என்று திருத்திப் படிப்பவர்களும் உண்டு. கதைக்கு மெழுகுதான் பொருந்தும். முடிவில் அப்பா அதை நெருப்பில் போடச் சொல்கிறார். வெண்கலம் உருக 900 செல்சியஸ் பாகைக்கு மேல் வேண்டும், விறகுத்தீயில் கருத்துக் கிடக்கும். மெழுகு தீயையே வளர்க்கும்.

ஆளுயரத்துக்குக் கட்டி மெழுகாக வார்த்தால் 60 கிலோவுக்கு மேல் பிடிக்கும். நம்பும்படி இருக்காது, அத்தனை கூடுகளுக்கு ஊர் முழுதும் தேட வேண்டிவரும், ரகசியமும் நிற்காது. மரக்கட்டையில் உடல், அதன்மேல் அரை விரற்கடை பூச்சு என்றாலும் 17 கிலோ. சரியான வழி, மர உடலுக்குக் கல்யாண உடையைப் போர்த்தி, தலையும் முன்கைகளும் மட்டும் மெழுகில் செய்வது. நான்கு கிலோ போதும். இலையுதிர்காலத் தேன் அறுப்பு முடிந்தபின் அரண்மனைப் பண்டசாலையில் அந்த அளவு குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

செய்முறை வரிசை: அடையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டுவாள். ஆறியதும் மேலே மிதக்கும் வட்டை எடுத்து அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டுவாள். மெல்லிய நாடாக்களாக வெயிலில் பரப்பினால் மஞ்சள் வெளுக்கும். பிறகு சிட்டிகைச் செங்காவி. அதிகம் போட்டால் உயிருள்ள தோல் போல் இராது, சுட்ட மண் போல் ஆகும். குளிரில் தேன்மெழுகு நொறுங்கும். மூக்கைச் செதுக்கும்போது சில்லு பெயர்ந்தால் கணப்பருகே காட்டி இளக்கித்தான் ஒட்ட முடியும்.

உருகுவது 62 முதல் 64 பாகை. ஆனால் 35 பாகையை ஒட்டியே பிசையும் பதம் வந்துவிடும், அதாவது உடம்புச் சூட்டிலேயே. இதுதான் இந்தக் குறுநாவலின் நடு நரம்பு. அவள் ஒவ்வொரு இரவும் கன்னத்தைக் கன்னத்தோடு வைத்துக்கொள்கிறாள். உதட்டின் ஓரம் மழுங்குகிறது. புருவத்துக்கு மேலே இருந்த சிறு மேடு தேய்கிறது. திருத்தப் போகிறாள். எப்படி இருந்தது என்பது நினைவில் இல்லை. அவள் அன்பே அவன் முகத்தை அழிக்கிறது என்று வாக்கியமாக எழுதிவிடக்கூடாது. கட்டைவிரல் பள்ளத்தை மட்டும் காட்ட வேண்டும்.

ஜனவரி 25

வந்தவனின் உடல். ஹோமரின் ஒடிசியில் நாயகன் ஒடிசியஸ் மூன்று முறை இறந்த தாயின் நிழலை அணைக்கப் போகிறான், மூன்று முறையும் கை வெறுமையாகவே திரும்புகிறது. அந்த விதியை அப்படியே வைத்தால் இங்கே காதல் கதை நடக்காது. வழியைக் கிரேக்க அங்கத எழுத்தாளர் லூசியன் தருகிறார். அவர் எழுதிய உரையாடலில் பெர்சிபோன்தான் கணவனிடம் பரிந்து பேசுகிறாள்: வெளிச்சத்துக்கு வந்ததும் ஹெர்மிஸ் கோலால் தொட்டு, மணவறையிலிருந்து வெளியே வந்த அன்றைய இளைஞனாக்கட்டும் என்கிறாள். ஆகவே சதை உண்டு, சூடு உண்டு, ஈட்டிக் காயம் இல்லை.

பாதாளத்தின் மறதி ஆறான லெதேயின் நீரைக் குடித்தும் அவளை மட்டும் மறக்கவில்லை என்று அங்கே சொல்கிறான். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். போர் அவனுக்கு நினைவில்லை, தம்பி போடார்சிஸின் பெயரும் இல்லை. மீண்டு வந்தவன் உட்கார்ந்து டிராய்க் கதை முழுவதையும் ஒப்பிக்கும் அபாயம் இதனால் தானாக ஒழிகிறது.

வரைவு:

அவள் கை அவன் மார்பில் காயத்தைத் தேடியது.

"எங்கே குத்தினான்?"

"தெரியவில்லை. யார்?"

பதில் சொல்லாமல் விளக்கைத் தூக்கினாள். மூலையில் நின்ற சிலையை அவன் பார்த்தான். தன் கல்யாண உடை. தன் கைகள். முகமாக இருந்த இடத்தில் வழவழப்பு.

"இது நானா?"

"நீதான். நிறையத் தொட்டுவிட்டேன்."

இருவரும் "நீ" என்றே பேசட்டும். ஓரிரவு மட்டும் கூடி வாழ்ந்தவர்கள், "நீங்கள்" வந்தால் நடுவில் ஒரு மாமியார் உட்கார்ந்ததுபோல் ஆகிறது.

செய்யக்கூடாதது: அவனுக்கு உணவு கொடுத்து உலகில் தக்கவைக்கும் உத்தி. மாதுளை தின்ற பெர்சிபோன் பாதாளத்துக்குக் கட்டுப்பட்டாள் என்றால் அப்பம் தின்றவன் பூமிக்குக் கட்டுப்படுவானே என்று தோன்றும். அந்த வாசலைத் திறந்தால் கெடு செத்துப்போகும், அதோடு கதையும்.

பிப்ரவரி 2

காட்டிக்கொடுக்கும் வேலைக்காரன். ஹைஜீனஸில் அவன் விடியற்காலையில் பூசைக்குப் பழம் கொண்டுவருகிறான், அவள் சிலையை அணைத்திருப்பதைக் கதவிடுக்கில் பார்க்கிறான், கள்ளக்காதலன் என்று நினைத்து அப்பாவிடம் ஓடுகிறான். பாதி வீட்டில் கதவு நிலையோடு பொருந்தாமல் இருப்பது இயல்பு, இடுக்குக்குத் தனிக் காரணம் வேண்டாம். அவனைக் கெட்டவனாக்கவும் வேண்டாம். பார்த்ததைச் சொன்னான், அவ்வளவே.

ஹைஜீனஸில் மூன்று மணி நேரம் ஒரு பத்தி, சிலை அடுத்த பத்தி. இங்கே சிலை முதலில், வருகை நடுவில், நெருப்பு கடைசியில். அவன் போன பிறகு அவள் தேய்ந்த முகத்தைத் திருத்துகிறாள், இம்முறை சரியாக வருகிறது. அந்தச் சிலையைத்தான் அகாஸ்டஸ் எரிக்கச் சொல்கிறான்.

பிப்ரவரி 9

முடிவு. மூலத்தில் அவளும் நெருப்பில் போகிறாள். அதை அழகுபடுத்தி எழுதக்கூடாது, ஒரு பத்திக்கு மேலும் போகக்கூடாது. காதல் கதை வாசகர் ஜோடி சேரக் கேட்பது நியாயமான கோரிக்கை. அதற்குக் கிரேக்க எழுத்தாளர் ஃபிலோஸ்ட்ரேட்டஸ் இடம் கொடுத்திருக்கிறார். கி.பி. 3-ம் நூற்றாண்டில் அவர் எழுதியதில், இன்றைய துருக்கியின் கலிபோலி முனையில் இருக்கும் எலேயுஸில் ஒரு திராட்சைத் தோட்டக்காரரோடு புரோடெசிலாவோஸின் ஆவி பழகுகிறது. கொடிகளைப் பார்த்துக்கொள்ள யோசனை சொல்கிறது. அதன் மேல் இலையுதிர்கால மிர்ட்டில் செடியைவிட இனிய மணம். லாவோடமியாவோடு புதுமணத் தம்பதியாகவே இருக்கிறானாம்.

அதே எலேயுஸில் அவன் கல்லறையும் கோயிலும் இருந்தன. கி.மு. 334-ல் ஆசியாவுக்குக் கடக்கும் முன் அலெக்சாண்டர் அங்கே பலியிட்டார். கல்லறை மரங்கள் டிராய் கண்ணில் படும் உயரம் வளர்ந்ததும் வாடி, மறுபடி வளரும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். எல்லாரும் இந்த மரங்களோடு கதையை முடிப்பார்கள். இங்கே முடிவுரைக்கு எடுத்துக்கொண்டது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கருவாட்டுச் சம்பவம்.

பாரசீக ஆளுநர் ஆர்டாய்க்டிஸ் அந்தக் கோயில் செல்வத்தை அள்ளினான், புனித நிலத்தில் உழுது விதைத்தான். கி.மு. 479-ல் ஏதென்ஸ்காரர்களிடம் அகப்பட்டான். அவனைக் காவல் காத்தவன் கருவாடு சுடும்போது, தணலில் கிடந்த மீன்கள் அப்போதுதான் பிடித்தவைபோல் துள்ளின. இது உனக்கான குறி இல்லை, உப்பிட்டு உலர்ந்த பிணமானாலும் என்னைப் பழிவாங்கப் புரோடெசிலாவோஸுக்கு வலிமை இருக்கிறது என்று கைதியே சொன்னான். கோயிலுக்கு 100 தாலந்து (பழங்கால எடை அளவு), தனக்கும் மகனுக்கும் 200 தாலந்து தருவதாகக் கெஞ்சியும் பலிக்கவில்லை.

இதில் காதல் ஒரு வரியும் இல்லை, ஆனாலும் இதையே வைக்கிறேன். இந்த ஆள் முழுதாகச் சாகவில்லை என்பதற்கு ஹோமருக்கு வெளியே இவ்வளவு கெட்டியான சாட்சி வேறில்லை. முடிவுரை மூன்று பக்கம், காவல்காரனின் பார்வையில். லாவோடமியாவின் பெயர் அதில் ஒரே இடத்தில், கோயில் பொருள்களின் பட்டியலில் மணப்பெண் உடை ஒன்று என்ற பதிவாக வரும். அந்த உடை மட்டும் என் சேர்க்கை, பொன் வெள்ளிக் கிண்ணங்கள், வெண்கலம், ஆடைகள் என்ற மற்ற பட்டியல் ஹெரோடோட்டஸுடையது. நாளை அத்தை அத்தியாயத்தைத் திருத்தத் தொடங்க வேண்டும்.