5.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி கிளம்புன வெளிச்சம்

நேத்து நைட்டு ரொம்ப நேரம் என்ஜிசி 1365ங்கிற கேலக்ஸியோட (விண்மீன் மண்டலத்தோட) போட்டோவையே பார்த்துட்டு இருந்தேன். ஃபோர்னாக்ஸ்ங்கிற கேலக்ஸி கூட்டத்துல இருக்கு, 5.6 கோடி ஒளியாண்டு தூரம், அதாவது டைனோசரெல்லாம் அழிஞ்சு ஒரு கோடி வருஷம் போல கழிச்சு அங்க இருந்து கிளம்புன வெளிச்சம் இப்பதான் நம்மகிட்ட வந்து சேருது, நினைச்சாலே புல்லரிக்குது.

குறுக்கால 2 லட்சம் ஒளியாண்டு அகலம். நடுவுல நீளமா ஒரு பட்டை, அதோட ரெண்டு முனையில இருந்தும் ரெண்டு பெரிய கை சுருண்டு போகுது. இந்தப் பட்டை சும்மா அழகுக்கு இல்லைங்க, வெளியில இருக்குற வாயுவையும் தூசியையும் அதுதான் மையத்துக்கு இழுத்துட்டு வருது, அங்க புதுசு புதுசா நட்சத்திரம் பிறக்குது, நட்டநடுவுல இருக்குற கருந்துளைக்கும் தீனி போகுது. அந்தக் கருந்துளை நம்ம சூரியன் மாதிரி ஏறக்குறைய 20 லட்சம் மடங்கு எடை! அது செம வேகத்துல சுத்துதுன்னு நூஸ்டார், எக்ஸ்எம்எம்-நியூட்டன் ரெண்டு எக்ஸ்ரே டெலஸ்கோப்பையும் வச்சு 2013ல கண்டுபிடிச்சாங்க.

2012 அக்டோபர்ல இதே கேலக்ஸில ஒரு சூப்பர்நோவா, அதாவது ஒரு நட்சத்திரம் வெடிச்சது கூட தெரிஞ்சுது.

நம்ம பால்வெளிக்கும் நடுவுல இதே மாதிரி பட்டை இருக்கு. ஆனா நாம உள்ளேயே இருக்கோம்ல, வெளிய நின்னு முழுசா பார்க்கவே முடியாது, அதனாலதான் இந்தப் போட்டோ எனக்கு இவ்ளோ பிடிக்குது.